பாட்டுப் புளித்துப்போனால் என்ன செய்வது?

இசைக் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பல, வேறு வேறு வார்த்தையில் ஒன்றையே கேட்கின்றன: நேற்று உயிராக இருந்த பாட்டு இன்று ஏன் சும்மா கிடக்கிறது, அடுத்து எதைக் கேட்பது?

கேள்வி: வயது 46. கல்லூரி நாளில் சினிமாப் பாட்டு என்றால் உயிர். இப்போது பழையது புளித்துவிட்டது, புதியது ஒட்டவில்லை. ரசனை வற்றிவிட்டதா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: வற்றவில்லை. இரண்டு வேறு சங்கதிகள் கைகோத்துக்கொண்டு உங்களைப் பயமுறுத்துகின்றன. பன்னிரண்டு, பதிமூன்று வயதிலிருந்து இருபதுகளின் தொடக்கம் வரை கேட்ட பாட்டு அப்போதைய பஸ் பயணம், விடுதி அறை, முதல் காதல் எல்லாவற்றோடும் சேர்ந்து மனத்தில் ஏறிவிடுகிறது. அந்தச் சலுகை இன்றைய புதுப் பாட்டுக்குக் கிடையாது. போட்டியே சமமானதல்ல.

இன்னொன்று, புளிப்பு. திரும்பத் திரும்ப எதிர்ப்படுவதாலேயே ஒன்று பிடித்துப்போகிறது என்று உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968இல் காட்டினார். அந்தப் பிடிப்பு ஓர் உச்சிக்குப் போய் இறங்கும் என்பதை 1970களில் டேனியல் பெர்லைன் விளக்கினார். எளிய மெட்டு சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் இறங்கும். பின்னல் அதிகமுள்ள இசை முதல் தடவை முகம் கொடுக்காது, ஆனால் நெடுநாள் தாங்கும்.

ஆகவே புதுப் பாட்டை முதல் தடவையிலேயே தள்ளாதீர்கள். ஒரு வாரத்தில் 5, 6 தடவை கேளுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று போதும், பாத்திரம் துலக்கும்போது அல்ல, உட்கார்ந்து. ஒரே நாளில் பத்துத் தடவை ஓடவிட்டால் பிடிப்பதற்கு முன்பே சலித்துவிடும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ராகம் பழகியதாக இருந்தால் குரல் புதிதாக இருக்கலாம், குரல் பழகியதாக இருந்தால் வகை புதிதாக இருக்கலாம். எல்லாமே புதிது என்றால் காதுக்குப் பிடிமானமே இருக்காது.

கேள்வி: சினிமாப் பாட்டின் ராகங்களைத் தேடித்தேடிக் கேட்கிறேன். ஆனால் கச்சேரியில் ஆலாபனை (பாட்டின் வரிகள் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது) பத்து நிமிடத்தைத் தாண்டினால் கொட்டாவி வருகிறது. எந்த வாசல் வழியாக நுழைவது? (வாசகி, கும்பகோணம்)

பதில்: ரீதிகௌளை வாசல் வழியாக. தமிழ் சினிமா இந்த ராகத்தை விட்டு வைக்கவே இல்லை. 1977இல் 'கவிக்குயில்' படத்துக்காக பாலமுரளிகிருஷ்ணா பாடிய 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்', 1983இல் 'தலையைக் குனியும் தாமரையே', 1999இல் 'அழகான ராட்சசியே', 2008இல் 'கண்கள் இரண்டால்'. இசையமைப்பாளர்கள் மூவர், முதலுக்கும் கடைசிக்கும் இடையே 31 ஆண்டுகள், நான்கும் நான்கு விதத் தாளவாத்தியங்கள். நான்கையும் அடுத்தடுத்துக் கேட்டு, பொதுவாக வரும் பிடியை, அதாவது ராகத்தை அடையாளம் காட்டும் ஸ்வரக் கோவையை, முணுமுணுத்துப் பாருங்கள். 'க க ரி க ம' என்று தயங்கித் தயங்கி ஏறி, 'நி த ம நி நி ஸ' என்று பஞ்சமத்தை (ப) தொடாமல் மேலே தாவும். இறங்கும்போதுதான் 'ம க ம ப ம க ரி ஸ' என்று பஞ்சமம் எட்டிப் பார்க்கும்.

பலர் சறுக்குவது ஆனந்தபைரவி என்ற ராகத்தில். அங்கும் 'க ரி க ம' உண்டு. மத்யமத்துக்கு (ம) அப்புறம் பாட்டு எங்கே போகிறது என்று கவனியுங்கள். பஞ்சமத்தில் போய் உட்கார்ந்தால் ஆனந்தபைரவி, நிஷாதத்துக்கு (நி) தாண்டினால் ரீதிகௌளை. ஸ்வர வரிசையை மனப்பாடம் செய்துகொண்டு ராகம் தேடுகிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். ராகம் என்பது அடுக்கு அல்ல, நடை.

அடுத்த வாரம் சியாமா சாஸ்திரியின் 'நின்னுவினா மரிகலதா', அதற்கடுத்து சுப்பராய சாஸ்திரியின் 'ஜனனி நின்னுவினா', தமிழில் வேண்டுமென்றால் அம்புஜம் கிருஷ்ணாவின் 'குருவாயூரப்பனே'. மூன்றும் அதே ராகம். ஒரு பாட்டை வேறு வேறு இருவர் பாடக் கேளுங்கள். அதன் பிறகு ஆலாபனைக்கு வந்தால், எந்தப் பிடி எப்போது வரும் என்று காது தானாகவே காத்திருக்கும். அந்தக் காத்திருப்புதான் ஆலாபனையின் சுவை. அது இல்லாதவருக்குக் கொட்டாவி வருவதில் குற்றமில்லை. ராகம் தானம் பல்லவி என்ற நீண்ட உருப்படி இப்போது வேண்டாம், பதினைந்து நிமிடப் பாட்டே போதும். தனி ஆவர்த்தனத்தின்போது (தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) கேன்டீனுக்கு எழுந்து போகிற சபா வழக்கத்தை மட்டும் தயவுசெய்து கற்றுக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஹிந்துஸ்தானி கேட்க ஆசை. பெயர்கள் குழப்புகின்றன. வீட்டில் சின்ன கீபோர்டு இருக்கிறது. (வாசகர், மதுரை)

பதில்: கீபோர்டு இருந்தால் பாதி வேலை முடிந்தது. கருப்புக் கட்டைகளை மட்டும் தொடுங்கள். நாலரைக் கட்டையை (F ஷார்ப்) ஸட்ஜமாக (ஸ) வைத்து வரிசையாக ஏறினால் மோகனம். அதே ஐந்து கட்டைகள்தான், ஐந்தரையில் (G ஷார்ப்) தொடங்கினால் மத்யமாவதி, ஆறரையில் (A ஷார்ப்) ஹிந்தோளம், ஒன்றரையில் (C ஷார்ப்) சுத்த சாவேரி, இரண்டரையில் (D ஷார்ப்) சுத்த தன்யாசி. தொடக்கம் மாறியதும் மனநிலையே மாறுவதைக் கேட்பீர்கள். வித்வான்கள் கிரக பேதம் என்று சொல்வது இதைத்தான். பின்னணியில் அந்தந்த ஸட்ஜத்துக்கு சுருதிப் பெட்டி ஆப்பை ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் மோகனமாகவே கேட்கும்.

வடக்கே இவற்றின் நெருங்கிய உறவுகள்: மோகனத்துக்கு பூப், ஹிந்தோளத்துக்கு மால்கௌன்ஸ், சுத்த சாவேரிக்கு துர்கா, சுத்த தன்யாசிக்கு தானி, மத்யமாவதிக்கு மதுமாத் சாரங். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. அவர்களுடைய ஹிந்தோல் நம் ஹிந்தோளம் அல்ல. அவர்களுடைய பைரவியின் ஸ்வரங்கள் நம் தோடிக்கு உரியவை. அவர்களுடைய தோடி நம் சுபபந்துவராளிக்குப் பக்கத்தில் நிற்கிறது. இதை எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளலாம்.

கயால் என்ற ஹிந்துஸ்தானிப் பாடல் வகையில் விளம்பித் எனப்படும் மெதுவான பகுதியிலிருந்து தொடங்காதீர்கள். மிக மெதுவான ஏக்தால் என்ற தாளத்தில் 12 மாத்திரைச் (எண்ணிக்கைச்) சுற்று ஒன்றே ஒரு நிமிடம் அளவுக்கு நீளும், தாளம் எங்கே என்று புதியவருக்குத் தெரியாது. அதே பதிவின் கடைசிப் பத்து நிமிடத்தை, துருத் எனப்படும் வேகமான பகுதியை, முதலில் கேட்டுவிட்டு முன்னால் திரும்புங்கள்.

கேள்வி: ஜாஸ் கேட்டால் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. (வாசகர், சென்னை)

பதில்: முன் சொன்ன ரீதிகௌளையின் தாய் ராகம் கரகரப்ரியா. அதன் ஏழு ஸ்வரங்களை மேற்கில் டோரியன் என்பார்கள். மைல்ஸ் டேவிஸ் 1959 மார்ச்சில் நியூயார்க்கில் பதிவு செய்த 'ஸோ வாட்' முழுக்க அந்த ஸ்வரங்களின் மேல் நிற்பது. ஒன்பது நிமிடச் சொச்சம். முதல் அரை நிமிடம் தாளமில்லாமல் பியானோவும் பேஸும் சும்மா உலவும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு பேஸ் ஒரு கேள்வி கேட்க, மற்றவர்கள் இரண்டே ஒலியில் பதில் சொல்வார்கள். அங்கிருந்து கையில் எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம் போடத் தொடங்குங்கள், நடக்கும் பேஸின் ஓர் அடிக்கு ஓர் எண்ணிக்கை. முதல் 8 ஆவர்த்தனம் (தாளச் சுற்று) இரண்டு கட்டையில் (D), அடுத்த 4 அரைக் கட்டை ஏறி இரண்டரையில், கடைசி 4 மறுபடி இரண்டில். மொத்தம் 16 ஆவர்த்தனம், ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. பாட்டு முடியும்வரை இந்தச் சுற்றுதான் திரும்பத் திரும்ப வரும். மைல்ஸின் ட்ரம்பெட் இரண்டு சுற்று, ஜான் கோல்ட்ரேனின் சாக்ஸஃபோன் இரண்டு, கேனன்பால் அடர்லி இரண்டு, பில் எவன்ஸின் பியானோ ஒன்று.

அந்த அரைக் கட்டை ஏற்றத்தைப் பிடித்துவிட்டால் ஜாஸின் தலையும் வாலும் கிடைத்த மாதிரிதான். முதலில் தவறவிடுவீர்கள், விட்டால் எண்ணிக்கையை நிறுத்தாமல் தொடருங்கள், சுற்றின் தொடக்கம் மறுபடி வந்து உங்களைச் சேர்த்துக்கொள்ளும். ஆனால் கரகரப்ரியா என்று நினைத்துக்கொண்டு போய் ஏமாறாதீர்கள். காந்தாரத்துக்கும் (க) நிஷாதத்துக்கும் நாம் கொடுக்கும் அசைவு அங்கே இல்லை, தம்புராவும் இல்லை. ஸ்வரம் ஒன்று, ராகம் வேறு.

கேள்வி: சோகமாக இருக்கும்போது சோகப் பாட்டுக் கேட்டால் மனம் இன்னும் கனக்குமா? வீட்டில் 'குத்துப் பாட்டுப் போடு' என்கிறார்கள். (வாசகி, திருநெல்வேலி)

பதில்: கனத்த மனத்தோடு குத்துப் பாட்டைப் போட்டால் பாட்டின் மேல்தான் எரிச்சல் வரும். இசை சிகிச்சையாளர்கள் இப்போதிருக்கும் மனநிலைக்குப் பொருந்துவதிலிருந்து தொடங்கிப் படிப்படியாக நகர்த்துவார்கள். ஆறு பாட்டு, சுமார் 25 முதல் 30 நிமிடம். முதல் இரண்டு உங்கள் சோகத்துக்கு இணையானவை, நடு இரண்டு அதே மெதுவில் கொஞ்சம் வெளிச்சமானவை, கடைசி இரண்டில் மட்டும் வேகத்தைக் கூட்டுங்கள். பட்டியலை மனம் சரியாக இருக்கும் நாளில் தயார்செய்து வைக்க வேண்டும். அழுகையோடு தேடினால் ஆறும் அழுகைப் பாட்டாகவே அமையும். ராகப் பெயரை நம்பியும் தேர்வு செய்ய வேண்டாம். முகாரி என்றாலே ஒப்பாரி என்று பேச்சு வழக்கு, ஆனால் தியாகராஜர் சபரியின் பாக்கியத்தை வியந்து பாடிய 'எந்தநினே' முகாரிதான். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமும் பசியும் சரியில்லை என்றால், பட்டியலை வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: மகன் ராப் கேட்கிறான். இது இசையா? (வாசகர், சேலம்)

பதில்: மெட்டைத் தேடுவதால் வரும் கேள்வி இது. கொன்னக்கோல் (தாளச் சொற்களை வாயால் சொல்லும் கலை) கேட்பதுபோலக் கேளுங்கள். நான்கு அடிக்குள் சொற்கள் எங்கே முந்தி விழுகின்றன, எங்கே பிந்துகின்றன என்பதில்தான் கலை இருக்கிறது. ஆங்கில ராப் வரியின் கடைசியில் ஒலி பொருந்தும்படி இயைபை வைத்துக் கட்டப்படுவது. நம் செவி எதுகைக்கும் மோனைக்கும், அதாவது வரியின் முன்பகுதிக்குப் பழகியது. தமிழ் ராப்பில் இரண்டும் மோதும் இடங்களைக் கேட்டுப் பாருங்கள், மகனிடம் பேச விஷயம் கிடைக்கும்.

கேள்வி: ஆப்பில் பேரனுக்குத் தாலாட்டுப் போட்டேன். அதிலிருந்து தாலாட்டாகவே சிபாரிசு செய்கிறது. (வாசகி, திருச்சி)

பதில்: யூடியூபில் பார்த்தவை பட்டியலுக்குப் போய்த் தாலாட்டுகளை ஒவ்வொன்றாக நீக்குங்கள். ஸ்பாட்டிஃபையில் குழந்தைப் பாட்டுகளைத் தனிப் பிளேலிஸ்டாக்கி, அதை ரசனைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று குறித்துவிடலாம். அங்கே 30 விநாடி ஓடினால் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. பிடிக்காததை அதற்குள் தாண்டிவிடுங்கள்.

கேள்வி: சத்தம் குறைத்து வைத்தால் மிருதங்கம் காணாமல் போகிறது. கூட்டி வைத்தால் காதுக்குக் கெடுதல் என்கிறார்கள். (வாசகர், ஈரோடு)

பதில்: இரண்டும் உண்மை. ஒலி குறையக் குறைய, தாழ்ந்த ஸ்தாயியைக் காது மற்றதைவிட வேகமாக இழக்கும். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை கேட்கும், இடப்பக்கமான தொப்பி மறையும். சத்தத்தைக் கூட்டாமல் ஈக்வலைசரில் 100 ஹெர்ட்ஸ் பக்கம் 3 அல்லது 4 டெசிபல் ஏற்றுங்கள். இயர்ஃபோனின் ரப்பர் முனை காதில் சரியாக அடைக்காவிட்டாலும் இதே கோளாறுதான், அளவு மாற்றிப் பாருங்கள். பலர் ஹெட்ஃபோனையே மாற்றிவிட்டு, பிறகுதான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

கெடுதல் கணக்கு இது: உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபல், வாரம் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10, 89 என்றால் 5. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு 'இப்போதைய பாட்டில் வார்த்தையே புரியவில்லை' என்ற குறை உண்டு. பாட்டைத் திட்டுவதற்கு முன் ஒரு தடவை செவித்திறன் சோதனை செய்துகொள்ளலாம். மெய்யெழுத்துகளைத் தெளிவாக்கும் உயர்ந்த அலைவரிசைகள்தான் வயதோடு முதலில் மங்குகின்றன.

கேள்வி: மறுபடி அப்பாவின் கச்சேரி கேசட்டுகளுக்கே மனம் போகிறது. கணினியில் ஏற்ற முடியுமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: முடியும், அவசரப்படாமல் செய்தால். பல ஆண்டு சும்மா கிடந்த கேசட்டை நேராக ப்ளே போடாதீர்கள். நாடா ஒட்டியிருந்தால் அறுந்துவிடும். ஒரு தடவை முழுதும் முன்னே ஓட்டி, பின்னே சுற்றுங்கள். நாடாவுக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பஞ்சுத் திண்டு விழுந்திருந்தால் ஒலி மங்கும், வேண்டாத கேசட் ஒன்றிலிருந்து எடுத்து ஒட்டலாம். டெக்கில் நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்துக் காயவிடுங்கள். அப்படியும் ஜால்ராவும் தம்புராவும் மங்கலாகக் கேட்டால் ஹெட் சாய்ந்திருக்கிறது. பக்கத்துச் சின்னத் திருகாணியை, பாட்டு ஓடும்போதே, கால் சுற்றுக்குள் மெல்லத் திருப்பி, ஒலி மிகத் தெளிவாகும் இடத்தில் நிறுத்துங்கள். வேறு வேறு டெக்கில் பதிந்த கேசட்டுகளுக்கு இடம் கொஞ்சம் மாறும்.

லேப்டாப்பின் மைக் துளையில் செருகினால் ஒலி சிதறும், பெரும்பாலும் ஒற்றைத் தடமாகத்தான் பதியும். லைன் இன் உள்ள யூஎஸ்பி ஆடியோ கருவி வாங்குங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், வேவ் வடிவம். உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள், தனி ஆவர்த்தனத்தில் திடீரென்று எகிறும். 60 நிமிட கேசட்டுக்குச் சுமார் 635 எம்பி ஆகும். இரைச்சல் நீக்கும் வசதியை முதல் பிரதியில் பயன்படுத்த வேண்டாம். இரைச்சலோடு சேர்ந்து தம்புராவும் போய்விடும், போனது திரும்ப வராது. கேசட் அட்டையில் அப்பா எழுதியிருக்கும் தேதியையும் ராகப் பெயரையும் போட்டோ எடுத்து அதே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள்.