பதில்: பி.காம் முடித்துவிட்டுத் தைபேயில் ஓராண்டு சீனம் படிக்கலாமா?

தம்பி, சீனம் படிக்கத் தைவான் அரசு தரும் ஹுவாயூ உதவித்தொகை கிடைத்தும் "மொழி படிச்சிட்டு வந்து என்ன பண்ணுவே?" என்று அப்பா தடுக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். நானும் தைபேயில் ஒரு வருடம் இருந்தவன்தான்.

அப்பா கேட்பதில் பாதி நியாயம். ஒரே வருடத்தில் யாரும் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட முடியாது. வாரம் 15 மணி நேர வகுப்பு குறைவாகத் தெரியும். ஆனால் வீட்டில் சீன எழுத்து எழுதியே கை கடுக்கும். முதல் மாதம் பழக்கடையில் 'மாய்' என்றேன். தாழ்ந்து எழும் தொனியில் சொன்னால் 'வாங்க', சட்டென்று இறங்கினால் 'விற்க'. நான் இறக்கிவிட்டேன். என்ன விற்க வந்திருக்கிறான் என்று கடைக்காரம்மா என் பையை எட்டிப் பார்த்தார்!

ஆனால் உங்களிடம் பி.காம் இருக்கிறதே. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கானே தைவான் நிறுவனம்தான். கணக்கும் புரிந்து, தைவான் மேலாளரிடம் நேரடியாகப் பேசவும் தெரிந்தவர் இங்கே எத்தனை பேர்? வெறும் மொழிச் சான்றிதழைவிட இந்தச் சேர்க்கைக்குத்தான் மதிப்பு.

ஒன்று கவனியுங்கள். தைவானில் பழைய எழுத்துமுறை, சீனாவில் எளிய வடிவம். 'அன்பு' எழுத்தின் நடுவே இருக்கும் 'இதயம்' என்ற எழுத்து எளிய வடிவில் கிடையாது. தைவான் நடத்தும் சீன மொழித் தேர்வு டாக்ஃபில். பிற்பாடு சீனப் பல்கலைக்கழகம் போவதாக இருந்தால் சீனாவின் மொழித் தேர்வான ஹெச்.எஸ்.கே. எழுத வேண்டும்.

சைவமா? 'சூ ஷி' (சைவ உணவு) என்ற பலகை உள்ள கடையில், முட்டை சேர்ப்பார்களா என்று மட்டும் கேட்டுக்கொண்டு சாப்பிடலாம். பெரும்பாலும் வெங்காயம், பூண்டுகூட இருக்காது. ஊறுகாய் மட்டும் கொண்டு போங்கள்.