ஒரே பில்டில் பல கன்டெய்னர்கள்: சேலம் நிரலாளர்களின் கேள்விகளும் பதில்களும்

செவ்வாய்ப்பேட்டை: கொலுசுப் பட்டறைகளுக்கு எடைக் கணக்கு மென்பொருள் எழுதுகிறோம். டாக்கர் கம்போஸ் (பல கன்டெய்னர்களைச் சேர்த்து எழுப்பும் கருவி) வழியாக டெஸ்ட் ஓடும்போது, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் இணைப்பு கிடைக்காமல் சில நேரம் பில்ட் (குறியீட்டைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் ஓட்டம்) விழுகிறது. மறுபடி ஓட்டினால் தேறுகிறது. 30 வினாடி ஸ்லீப் (வெறும் காத்திருப்பு) போட்டால் போதுமா, ஐயா?

பதில்: போதாது. கன்டெய்னர் (ஒரு நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி) எழுந்துவிட்டது என்பது வேறு, உள்ளே இருக்கும் தரவுத்தளம் பதில் சொல்லத் தயாராகிவிட்டது என்பது வேறு. கம்போஸ் கோப்பில் டிபெண்ட்ஸ் ஆன் என்று மட்டும் எழுதினால் முதலாவதற்குத்தான் காத்திருக்கும். தரவுத்தளத்துக்கு ஹெல்த்செக் (தயாரா என்று அவ்வப்போது பார்க்கும் சோதனை) எழுதி, சர்வீஸ் ஹெல்தி என்ற நிபந்தனையையும் சேருங்கள்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. போஸ்ட்கிரெஸின் அதிகாரபூர்வ இமேஜ் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) காலி வால்யூமில் (தரவைச் சேமிக்கும் இடத்தில்) முதன்முறை எழும்போது, தொடக்க ஸ்கிரிப்டுகளை ஓட்டுவதற்காக யூனிக்ஸ் சாக்கெட்டில் (நெட்வொர்க் இல்லாமல் உள்ளுக்குள்ளேயே பேசும் வழியில்) மட்டும் கேட்கும் தற்காலிக சர்வர் ஒன்றை எழுப்பி, வேலை முடிந்ததும் அதை நிறுத்திவிட்டுத்தான் உண்மையான சர்வரைத் தொடங்குகிறது. ஹோஸ்ட் (சர்வரின் முகவரி) குறிப்பிடாத பிஜி இஸ்ரெடி (போஸ்ட்கிரெஸ் தயாரா என்று கேட்கும் கட்டளை) அந்தத் தற்காலிக சர்வரைப் பார்த்தே ‘தயார்’ என்று சொல்லிவிடும். 127.0.0.1 என்று ஹோஸ்டைக் கொடுத்துக் கேட்டால் உண்மையான சர்வர் வரும்வரை காத்திருக்கும். பில்டில் வால்யூம் பெரும்பாலும் காலியாகவே தொடங்குவதால் இது உங்களைத்தான் அதிகம் கடிக்கும்.

அழகாபுரம்: டெஸ்ட் தோற்றாலும் பில்ட் பச்சையாகவே முடிகிறது.

பதில்: பின்னணியில் ஓடவிட்டிருப்பீர்கள்; டெஸ்டின் முடிவு பில்டுக்கு எட்டாது. கம்போஸின் ‘எக்ஸிட் கோட் ஃப்ரம்’ தெரிவில் டெஸ்ட் கன்டெய்னரின் பெயரைக் கொடுங்கள்.

ஏற்காடு: காப்பித் தோட்டக் கணக்கு மென்பொருளுக்குச் சொந்த ரன்னர் (பில்டுகளை ஓட்டும் கணினி) வைத்திருக்கிறோம். இடி இடித்தால் மலையில் இணையம் போய்விடும். இமேஜ் இறங்காமல் பில்ட் நிற்கிறது. ஒவ்வொரு பில்டின் முடிவிலும் இமேஜ்கள் உட்பட எல்லாவற்றையும் ப்ரூன் செய்து (பயன்படாதவற்றை அழித்து) இடத்தைக் காலி செய்கிறோம்.

பதில்: சிக்கல் அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. கையில் உள்ள இமேஜை, வேறு கட்டளை இல்லாவிட்டால், கம்போஸ் மறுபடி இறக்காது; நீங்களே அழித்துவிட்டுத் தேடுகிறீர்கள். இமேஜ்களின் பொதுக் கிடங்கான டாக்கர் ஹப்பும் 2020 நவம்பர் முதல் இறக்கங்களுக்கு வரம்பு வைத்திருக்கிறது. கன்டெய்னர்களையும் வால்யூம்களையும் மட்டும் அகற்றுங்கள். ‘லேட்டஸ்ட்’ என்று எழுதாமல் பதிப்பு எண்ணைக் குறிப்பிடுங்கள்.

சூரமங்கலம்: லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்தால் தரவுத்தளம் கிடைக்கவில்லை.

பதில்: கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்தக் கன்டெய்னரையே குறிக்கும். கம்போஸ் கோப்பில் தரவுத்தளத்துக்கு வைத்த சர்வீஸின் பெயரைக் கொடுங்கள்.

ஜாகீர் அம்மாபாளையம்: எங்கள் பில்டே ஒரு கன்டெய்னரில் ஓடுகிறது, டாக்கர் சாக்கெட்டை (டாக்கருக்குக் கட்டளை போகும் வாசலை) உள்ளே கொடுத்திருக்கிறோம். மவுண்ட் செய்த (வெளியிலிருந்து கன்டெய்னருக்குள் இணைத்த) கான்ஃபிக் அடைவு காலியாக இருக்கிறது.

பதில்: மவுண்ட் பாதையைத் தேடுவது வெளியில் இருக்கும் டாக்கர் டீமன் (பின்னணியில் ஓடும் டாக்கரின் மையச் சேவை). அந்தப் பாதை ஹோஸ்டில், அதாவது வெளிக் கணினியில், இல்லாததால் காலி அடைவை உருவாக்கிக் கொடுத்துவிட்டது. கோப்புகளை இமேஜுக்குள்ளேயே காப்பி செய்யுங்கள். சாக்கெட்டைக் கொடுப்பது ஹோஸ்டின் ரூட் அதிகாரத்தையே கொடுப்பதாகும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

ஐந்து ரோடு: அப்படியானால் டாக்கருக்குள் டாக்கர் ஓட்டுவதே பாதுகாப்பு அல்லவா?

பதில்: இல்லை. வழக்கமான முறையில் அதற்கு ப்ரிவிலேஜ்டு (கட்டுப்பாடுகளைத் தளர்த்திய) அனுமதி வேண்டும். அதுவும் வேலியைப் பிடுங்குவதுதான். அந்த வசதி உருவாக உழைத்த ஜெரோம் பெத்தாசோனியே, பில்டுக்கு அதைப் பயன்படுத்துமுன் யோசிக்கும்படி 2015-ல் எழுதினார். தனியாகச் சேமித்து வைக்காவிட்டால் லேயர் கேஷும் (முன்பு கட்டிய இமேஜ் அடுக்குகளின் சேமிப்பும்) ஒவ்வொரு முறையும் காலியாகத் தொடங்கும்.

ஐந்து ரோடு: இரண்டும் ஆபத்து என்றால் நாங்கள் எதைத்தான் வைத்துக்கொள்வது? சாக்கெட்டில் இணை பில்டுகள் ஒன்றையொன்று மிதிக்கின்றனவே!

பதில்: மிதிப்பது உண்மை. ஒவ்வொரு பில்டுக்கும் தனி ப்ராஜெக்ட் பெயர் வைத்து, ஹோஸ்ட் போர்ட்டை நிலையாகக் கட்டாமல் விட்டால் அது தீரும். உங்கள் குழுவின் குறியீடு மட்டுமே ஓடும் தனி ரன்னரில் சாக்கெட்டை ஏற்கலாம். வெளியாட்கள் அனுப்பும் குறியீட்டையும் ஓட்டுவதென்றால் இரண்டும் வேண்டாம். பில்டுக்கு ஒரு மெய்நிகர் கணினியை எழுப்பி, முடிந்ததும் அழித்துவிடுங்கள். செலவு கூடும் என்றாலும் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அம்மாபேட்டை: லோக்கல்ஹோஸ்டில் ரெடிஸ் (நினைவகத் தரவுத்தளம்) வரவில்லை. 10 வினாடி ஸ்லீப்பும் போட்டுப் பார்த்துவிட்டேன்.

பதில்: இரண்டுக்கும் மேலேயே பதில் இருக்கிறது; தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள். சர்வீஸின் பெயரைக் கொடுங்கள். ஸ்லீப்பை எடுத்துவிட்டு, ரெடிஸ் சிஎல்ஐயின் (ரெடிஸின் கட்டளைவரிக் கருவியின்) பிங் கட்டளைக்கு ‘பாங்’ வருகிறதா என்று பார்க்கும் ஹெல்த்செக்கை எழுதுங்கள்.