சீலிங்கில் பதித்த கேன் லைட்: இன்ஸ்பெக்‌ஷன் அன்று என்ன பார்க்க வேண்டும்?

தம்பி, நியூ ஜெர்சியில் எடிசன் ஊரில் பார்த்த வீடு கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். ரொம்ப சந்தோஷம். அந்த வீட்டுச் சமையலறையிலும் மாடி அறைகளிலும் சீலிங்குக்குள் பதித்த விளக்குகள் இருக்கின்றன, "ஐசி ரேட்டட் தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அலுவலக நண்பர் சொன்னார், அது என்ன, எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இதை வீடு வாங்கும் முன்பே, ஆள் வைத்து வீட்டைச் சோதிக்கும் இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்பே கேட்டது நல்லது. நான் வாங்கிய பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நம் ஊர் வீட்டில் தலைக்கு மேல் கான்கிரீட் தளம். அதற்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் போட்டு விளக்குப் பதித்தாலும் நடுவில் வெறும் காற்றுதான். நியூ ஜெர்சி வீட்டில் அப்படி இல்லை. மாடி அறையின் சீலிங் என்பது அரை அங்குல டிரைவால், அதாவது ஜிப்சம் பலகை. அதற்கு மேலே மரச் சட்டங்கள், சட்டங்களுக்கு நடுவிலும் மேலும் குளிருக்காகக் கொட்டிய இன்சுலேஷன். கண்ணாடி இழைப் பஞ்சாக இருக்கும், இல்லையென்றால் பழைய செய்தித்தாளை அரைத்துச் செய்த செல்லுலோஸாக இருக்கும். அந்தப் பலகையில் ஓட்டை போட்டு, மேலே ஒரு தகர டப்பாவை நிறுத்தி, அதற்குள் பல்பு மாட்டுவதுதான் கேன் லைட். பல்பின் சூடு டப்பாவுக்கு ஏறும், டப்பா அதை வெளியே விட்டாக வேண்டும். சுற்றிலும் பஞ்சு மூடியிருந்தால் சூடு போக வழியில்லை. பக்கத்தில் இருப்பதோ காய்ந்த மரம்.

ஐசி என்றால் இன்சுலேஷன் கான்டாக்ட். பஞ்சு மேலே பட்டாலும், முழுக்க மூடினாலும் பாதகமில்லை என்று சோதித்துச் சான்று பெற்ற வகை. அந்தச் சான்று இல்லாத டப்பாவாக இருந்தால் பக்கவாட்டில் 3 அங்குலத்துக்குள் இன்சுலேஷன் இருக்கக் கூடாது, மேலேயும் சூடு தங்கும்படி மூடக் கூடாது. மரச் சட்டமும் அரை அங்குலமாவது தள்ளியிருக்க வேண்டும். அமெரிக்க மின் விதிகளின்படி இந்த விளக்குகளை ஒட்டிய எரியக்கூடிய எந்தப் பொருளும் 90 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகக் கூடாது.

எங்கள் வீட்டில் முதல் குளிர்காலத்தில் மாடி நடையில் ஒரு விளக்கு மட்டும் தானாக அணையும். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே எரியும். பல்பு கோளாறு என்று மூன்று முறை மாற்றினேன். ஒரு நாள் எலக்ட்ரீஷியன் வந்து விளக்கைச் சுற்றியிருந்த வளையத்தைக் கீழே இழுத்துப் பார்த்தார், அப்புறம் சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவில் இருக்கும் அட்டிக்குக்குப் போய் அந்த இடத்துப் பஞ்சைக் கையால் விலக்கினார். ஐசி இல்லாத டப்பா. எங்களுக்கு முன்பு இருந்தவர்கள் கூடுதல் இன்சுலேஷன் கொட்டச் சொன்னபோது வந்தவர்கள் விளக்கையும் சேர்த்து மூடிவிட்டிருக்கிறார்கள். டப்பாவை ஒட்டிய மரம் காப்பிக் கொட்டை நிறத்தில் கறுத்திருந்தது. உள்ளே இருந்த லேபிள் ஓரமெல்லாம் சுருண்டு, தொட்டால் உதிர்ந்தது. சூடு எல்லை தாண்டியதும் மின்சாரத்தை வெட்டும் சின்னக் கருவி அந்த டப்பாவில் இருந்ததால்தான் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. 1980களின் தொடக்கத்துக்கு முந்தைய பழைய டப்பாக்களில் பெரும்பாலும் அந்தப் பாதுகாப்பும் கிடையாது. அந்த நடைக்குப் பக்கத்து அறையில்தான் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இன்றும் அதை நினைத்தால் எனக்கு வயிறு கலங்கும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? விளக்கைக் கீழே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே வெள்ளையாக இருந்தால் ஐசி இல்லை, வெள்ளியாக இருந்தால் ஐசி என்று சிலர் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். நம்ப வேண்டியது லேபிளை மட்டும்தான். விளக்கை அணைத்து ஆறவிட்டு, வளையத்தை மெதுவாக இழுத்தால் இரண்டு பக்கமும் ஸ்பிரிங்கில் தொங்கிக்கொண்டு கீழே வரும். பல்பைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்தால் டப்பாவின் உள்சுவரில் காகித லேபிள் தெரியும். அதில் 'டைப் ஐசி' என்றோ 'டைப் நான் ஐசி' என்றோ அச்சிட்டிருக்கும். எத்தனை வாட் வரை, எந்த வகை பல்பு என்பதும் அதிலேயே இருக்கும். லேபிள் போயிருந்தால் ஐசி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீடு இன்னும் உங்களுடையது இல்லை, அதனால் நீங்களாகக் கழற்ற வேண்டாம். ஒன்றிரண்டை இறக்கிக் காட்ட முடியுமா என்று விற்பவரின் அனுமதியோடு, வீட்டைச் சோதிக்க வரும் இன்ஸ்பெக்டரைக் கேளுங்கள்.

அட்டிக்கில் இருந்து பார்த்தால் இன்னொரு தடயம் கிடைக்கும். ஐசி வகையில் பெரும்பாலும் விளக்கு டப்பாவைச் சுற்றி இன்னொரு தகரப் பெட்டி இருக்கும், பெட்டிக்குள் பெட்டி மாதிரி. மற்ற வகையில் உருண்டை டப்பா அப்படியே வெளியே நிற்கும். ஆனால் பஞ்சைக் கிளறிப் பார்ப்பது வழக்கமான இன்ஸ்பெக்‌ஷனில் சேராது. அதனால் "விளக்குகள் வேலை செய்கின்றன" என்ற ஒரு வரியோடு ரிப்போர்ட் வந்துவிடும். நாள் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள்: மாடி சீலிங் விளக்குகள் எந்த வகை, மேலே இன்சுலேஷன் படுகிறதா, இரண்டையும் எழுதித் தர வேண்டும் என்று. பார்க்க முடியவில்லை என்றால் அதையும் எழுதச் சொல்லுங்கள்.

நீங்களும் அட்டிக்குக்கு ஏறுவதானால் மரச் சட்டத்தில் மட்டும் கால் வையுங்கள், பலகையில் வைத்தால் கீழ் அறைக்கு வந்துவிடுவீர்கள். பஞ்சுக்குப் பதில் பொன் பழுப்பில் மினுக்கும் சிறு கூழாங்கல் மாதிரிப் பொருள் கிடந்தால் தொடாமல் இறங்கிவிடுங்கள். அது வெர்மிகுலைட், 1990 வரை தோண்டிய மொன்டானா சுரங்கத்துச் சரக்கில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது.

சமையலறை விளக்குகளைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். அதற்கு மேலே மாடி அறை இருந்தால் நடுவில் பெரும்பாலும் இன்சுலேஷன் இருக்காது. அட்டிக்குக்கு நேர் கீழே உள்ளவைதான் முக்கியம்.

"எல்லாவற்றிலும் எல்இடி போட்டாச்சு, சூடே இல்லை" என்று விற்பவர் சொல்லலாம். 65 வாட் பல்புக்குப் பதில் 9, 10 வாட் எல்இடி போட்டால் சூடு நிறையக் குறையும், உண்மைதான். ஆனால் டப்பாவின் சான்று மாறிவிடாது, நாளைக்கு யாராவது பழைய பல்பை மாட்டினால் கதை பழையபடிதான். உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து, ஐசியோடு ஏர்டைட் என்றும் போட்ட விளக்காக மாற்றச் சொல்லிக் கேளுங்கள், இல்லாவிட்டால் அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். தட்டு மாதிரி மெல்லிய எல்இடி விளக்குகள் இப்போது ஐசி சான்றோடு கிடைக்கின்றன, டப்பாவே தேவையில்லை. ஏர்டைட் ஏன் என்றால், பழைய டப்பாவின் ஓட்டைகள் வழியே வீட்டுச் சூடும் ஈரமும் அட்டிக்குக்கு ஏறி, கூரைப் பலகையில் நீராகப் படியும். குளிர்காலக் கேஸ் பில்லிலும் அது தெரியும்.

இன்ஸ்பெக்‌ஷன் முடிந்த அன்று சாயங்காலமே லேபிளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எழுத்து மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, சேர்ந்து பார்ப்போம்.