தர்மபுரிப் பக்கம் கிராமம். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சம். நான் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) எடுக்கலாமா?

எடுக்கலாம். அவசரமாக இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எனக்கு முன்னால் பதில் எழுதியவர்கள் தினமும் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகுங்கள், கூச்சம் தானாகப் போய்விடும் என்று சொல்லியிருக்கிறார்கள். நல்ல யோசனைதான், தப்புச் சொல்லவில்லை. ஆனால் சொன்னவர்களில் ஒருவர்கூட எங்கள் ஊர்க்காரர் இல்லை என்பது மட்டும் தெரிகிறது. தர்மபுரி என்கிறீர்கள், வாய் திறக்கக் கூச்சம் என்கிறீர்கள். எனக்கு அதுவே போதும். உங்களுக்குப் பல்லில் காவி இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லையென்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வகுப்பில் யாருக்காவது நிச்சயம் இருக்கும், அவர்களிடம் காட்டுங்கள்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து தண்ணீரில் இறங்குவது. குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம், வேறு வழியே இல்லையென்றால் ஒன்றரை வரை இருக்கலாம் என்று அரசாங்கத் தரக் கணக்கு. எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரில் பல இடங்களில் அதைத் தாண்டிவிடும். அடுத்து முளைக்க வேண்டிய பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், அதாவது ஏழெட்டு வயதுக்குள், இதைக் குடித்தால் எனாமலே பழுதாகித்தான் வெளியே வரும். முளைத்த பிறகு காப்பி நிறத்தில் கோடு கோடாக விழும். தேய்த்தால் போகாது. பாக்குப் போட்டு வந்ததில்லை, பல் விளக்காமல் வந்ததும் இல்லை, ஒட்டுவாரொட்டியும் இல்லை. இந்தக் கடைசி மூன்றையும் நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது.

ஜப்பான் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டி, 2013-இல் தண்ணீர் விட்டார்கள். எங்களுக்கும் கிருஷ்ணகிரிக்கும் சேர்த்துத்தான். அதற்குப் பிறகு பிறந்த என் அக்கா பிள்ளைகளுக்குப் பல் அரிசி மாதிரி இருக்கிறது. பென்னாகரம் தாலுகாவில் போர் தண்ணீர் குடித்து வளர்ந்த எனக்கு அப்போது கல்லூரி வயது. அதற்கு மேல் எந்தத் தண்ணீர் வந்து என்ன.

நான் விஸ்காம் எடுத்ததற்குப் பின்னால் கனவு எதுவும் கிடையாது. பி.காம். கிடைக்கவில்லை, சேலத்தில் ஒரு தனியார் கல்லூரியில் விஸ்காம் சீட் இருந்தது. பெயர் வேண்டாம். ‘விஸ்காம்னா சினிமாவா?’ என்று ஆயா கேட்டதற்கு அப்பா, ‘இல்ல, ரேடியோ’ என்று சொல்லிச் சமாளித்தார். விளையாட்டாகச் சொன்னதுதான் கடைசியில் நடந்தது.

முதல் வருடம் கேமராவைத் தொடவே விடமாட்டார்கள். ஓவியம், வடிவமைப்பு, தொடர்பியல் கோட்பாடு என்று ஓடும். யார், என்ன சொல்கிறார், எந்த வழியில், யாருக்கு, என்ன விளைவு என்று 1948-இல் லாஸ்வெல் என்ற அமெரிக்க அறிஞர் கேட்ட ஐந்து கேள்விகளை மனப்பாடம் செய்வீர்கள். அதே 1948-இல் டெலிபோன் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஷானன் என்பவர் வரைந்த படமும் வரும். அனுப்புகிறவர், கம்பி, வாங்குகிறவர், நடுவில் ‘இரைச்சல்’ என்று மேலே குத்தும் அம்புக்குறி. கம்பிக்காக வரைந்த படத்தைப் பின்னால் வந்தவர்கள் மனிதர்களுக்கும் பொருத்தி, கேட்கிறவர் மனசுக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதும் இரைச்சல்தான் என்று சேர்த்துக்கொண்டார்கள். வகுப்பில் எல்லாருக்கும் அது பரீட்சைக்கு வரும் படம். எனக்கு அந்த அம்புக்குறியை நன்றாகவே தெரியும். நான் பேச ஆரம்பித்ததும் எதிரில் இருப்பவரின் பார்வை என் கண்ணிலிருந்து வாய்க்கு இறங்கும். இறங்கிய பிறகு அவர் காதில் எதுவும் விழாது.

இரண்டாம் வருடம் பி.டி.சி. பயிற்சி. நிருபர் கேமராவைப் பார்த்து நாலு வரி பேசுவதற்கு அதுதான் பெயர். சேலம் பழைய பஸ் ஸ்டாண்டில் வைத்து ஒவ்வொருவராகப் பேசினோம். என் முறை வந்ததும் பேராசிரியர் மானிட்டரைப் பார்த்தார், கேமரா பிடித்த பையனைப் பார்த்தார். அப்புறம் என்னிடம், ‘நீ உயரமா இருக்கேம்மா, பூம் பிடிச்சுக்கோ’ என்றார். நான் ஐந்தடியைத் தாண்டியதில்லை. அந்த செமஸ்டர் முழுக்க நீளக் கம்பு நுனியில் மைக்கை மாட்டி, அது ஃபிரேமுக்குள் வந்துவிடாமல் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றேன். அவரைக் கெட்டவர் என்று சொல்லவரவில்லை. என்னைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றியதாகத்தான் அவர் நினைத்திருப்பார். இப்படிக் காப்பாற்றுகிறவர்கள் உங்களுக்கும் நிறைய வருவார்கள்.

வானொலியில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு சார் வாரத்துக்கு ஒருநாள் வந்து குரல் பயிற்சி எடுப்பார். அவர் முகம் பார்த்துத் திருத்தமாட்டார். எல்லாரும் ஆடியோ லேப்பில் ஒரே செய்தியை வாசித்துப் பதிவு செய்துவிட்டு வரவேண்டும், பெயர் சொல்லக்கூடாது. அடுத்த வாரம் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டுக் குறை சொல்வார். அந்த வாரம் கொடுத்தது எங்கள் பக்கத்தில் ஆடி மாதம் நாளும் காதில் விழும் செய்திதான்: ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து அதிகரிப்பு, அருவிகளில் குளிக்கத் தடை நீடிப்பு, மேட்டூர் அணையின் நீர்மட்டம் இத்தனை அடி. என் பதிவு ஓடியது. பாதியில் நிறுத்தினார். ‘இது யாருன்னு தெரியல. மூச்சு நல்லா இருக்கு, அவசரம் இல்ல. ஆனா ஈ வர்ற இடமெல்லாம் மொண்ணையா இருக்கே. நீர்வரத்து, நீர்மட்டம், நீடிப்பு, ஒண்ணுமே தெளிவா விழல. இவங்க உதட்டை விரிக்கிறதே இல்ல.’

வகுப்பு முடிந்ததும் தனியாகப் போய் அது நான்தான் என்றேன். என்னைப் பார்த்தார், விஷயம் புரிந்துவிட்டது. ஈ என்று சொல்லிப் பாருங்கள். உதடு இரண்டு பக்கமும் விரிய வேண்டும், விரிந்தால் பல் தெரியும். மேல் உதட்டைக் கீழே இழுத்துப் பிடித்தபடியே பேசுவது பள்ளிக்கூட நாளிலேயே எனக்கு வந்துவிட்டது. சிரித்தால் கை தானாக வாய்க்குப் போகும். அது எனக்குத் தெரியும். உதட்டைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்பது அவர் சொல்லித்தான் தெரிந்தது.

தன்னம்பிக்கை பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். ‘மைக்குக்கு முன்னால சுவரைப் பார்த்து உக்காரு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் பேப்பர் படிக்கிறேன், உன்னைப் பார்க்கப் போறதில்ல’ என்றார். உதட்டை விரித்துத்தான் வாசிக்க வேண்டும். தாளில் மூச்சு விடும் இடத்துக்கெல்லாம் பென்சிலால் கோடு போடச் சொன்னார். தாளைப் புரட்டினால் சரசரப்பு விழும், பக்கத்தில் நகர்த்திவிட வேண்டும். மைக்கை நேராக வாய்க்கு எதிரே வைத்தால் ப வரும்போதெல்லாம் காற்று அடிக்கும், கொஞ்சம் சாய்த்து வைக்க வேண்டும். கன அடி, அடி என்று எண் வரும் இடத்தில் நிதானம் வேண்டும், கேட்கிறவர் திருப்பிப் படித்துப் பார்க்க முடியாது. இப்படியே செமஸ்டர் முடியும்வரை. சுவரைப் பார்த்து உட்கார்ந்த நாற்காலி எப்போது திரும்பியது என்று இப்போது யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. திரும்பியிருந்தது, அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு ‘நாலு பல்லுக்கு வெனீர் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே, இதற்கு இவ்வளவு நீட்டி முழக்க வேண்டுமா’ என்று எழுத யாராவது தயாராக இருப்பீர்கள். போடலாம். வெனீர் என்றால் பல்லின் மேல் ஒட்டும் மெல்லிய ஓடு. என் சித்தப்பா பெண் போட்டிருக்கிறாள், நன்றாகவே இருக்கிறது. நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் பதினேழு வயதில், ஹாஸ்டல் ஃபீஸ் கட்டவே நகையை அடகு வைத்த வீட்டில், அந்தப் பேச்சை யாரிடம் எடுப்பது? கறை இலேசாக இருந்தால் மருத்துவரே மேலாகத் தேய்த்தும் வெளுக்கவைத்தும் ஓரளவு சரி செய்வார். அழுத்தமாக இருந்தால்தான் மேலே ஓடு ஒட்டுவது. முடிந்தவர்கள் செய்துகொள்ளுங்கள். செய்துகொள்ளும்வரை வாயை மூடிக்கொண்டு இரு என்று யாராவது சொன்னால் அங்கேதான் எனக்கு வழக்கு.

பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா மணிமண்டபம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். 1908-இல் வ.உ.சி.யோடு சேர்ந்து மேடையில் பேசியதற்காக வெள்ளைக்காரன் ஜெயிலில் போட்டான், அங்கே தொழுநோய் பிடித்தது. வெளியே வந்த பிறகும் அவர் பேச்சை நிறுத்தவில்லை. ரயிலில் ஏறக்கூடாது என்று தடை போட்டார்கள், புண்ணுக்குத் துணி சுற்றிக்கொண்டு நடந்தே ஊர் ஊராகப் போனார். 1925-இல் பாப்பாரப்பட்டியில்தான் இறந்தார். எங்கள் மாவட்டத்தில் பேச்சுப் போட்டி என்றால் ‘அதியமான் ஆண்ட தகடூர் மண்ணிலே’ என்று தொடங்கி, நெல்லிக்கனியைத் தொட்டு, சிவாவில் முடிக்காத பிள்ளையே கிடையாது. கை தட்டுவார்கள். தட்டிவிட்டு வெளியே வந்து, பக்கத்தில் நிற்கிற பெண்ணிடம் ‘நீ பல்லு வெளக்க மாட்டியா’ என்று கேட்பார்கள். கப்பு வாங்கிய பையனே என்னிடம் கேட்டிருக்கிறான்.

சிவா பேச்சில் ரயில் வந்ததால் இதையும் கொட்டிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். படிப்பு முடித்ததும் சென்னையில் குரல் தேர்வுகளுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். எங்கள் ஊரிலிருந்து சென்னை போக ரயில் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் பஸ் ஏறி மொரப்பூர் போக வேண்டும். மாவட்டத் தலைநகரில் ஸ்டேஷன் இருக்கிறது, ஆனால் அது பெங்களூரு லைன். வெள்ளைக்காரன் காலத்தில் மொரப்பூருக்கும் தர்மபுரிக்கும் நடுவில் சின்ன ரயில் ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்திவிட்டுப் போனான். திரும்பப் போடுவோம் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் சொல்லிச் சொல்லி, 2019-இல்தான் அடிக்கல்லே நாட்டினார்கள். விடிகாலை ரயிலுக்கு நடுராத்திரி பஸ் பிடித்துப் போய், தூக்கம் கெட்ட தொண்டையோடு குரல் தேர்வுக்கு உட்கார்ந்து பாருங்கள், என் கோபம் புரியும். சரி, விடுங்கள்.

சென்னையில் எதுவும் அமையவில்லை. இப்போது தர்மபுரியில்தான் இருக்கிறேன். நகைக்கடைத் திறப்பு விழா, ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி என்று ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு போகிற விளம்பரக் குரல்களில் நிறைய என்னுடையது. நாலு ரோட்டில் டீ குடித்துக்கொண்டு நிற்கும்போது என் குரலே என்னைக் கடந்து போகும், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கல்யாண வரவேற்பு, பள்ளி ஆண்டு விழா இதற்கெல்லாம் தொகுப்பாளராகவும் போகிறேன். மேடையில் ஏறியதும் முன்வரிசை இப்போதும் என் வாயைத்தான் பார்க்கும். கொஞ்ச நேரம் பார்ப்பார்கள், அப்புறம் பந்தி எப்போது என்று பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். பெரிய சம்பாத்தியம் என்று சொல்லமாட்டேன். சால்வை போர்த்திவிட்டு, அதுவே சம்பளம் என்று அனுப்பப் பார்க்கிறவர்களும் உண்டு. பேசும்போதே பாதி முன்பணம் வாங்கிவிடுகிறேன்.

இனி உங்கள் விஷயம். விஸ்காமில் படம், கேமரா, எடிட்டிங் கூடுதல். இதழியலில் செய்தி எழுதுவது, திருத்துவது, ஊடகச் சட்டம் கூடுதல். பேசத்தான் பயம், எழுத வரும் என்றால் ஏதாவது ஒரு டிகிரி முடித்துவிட்டுக்கூட எம்.ஏ. இதழியலுக்கு வரலாம், சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் அந்தத் துறை இருக்கிறது. இங்கிலீஷ் வராது என்று பயந்தால், கோட்பாட்டுப் பாடங்களுக்கு மட்டும்தான் திண்டாட்டம், வேலை முழுக்கத் தமிழில்தான் நடக்கிறது. கல்லூரியைப் பார்க்கப் போனால் அலுவலகத்தில் காட்டும் ஸ்டுடியோவைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். கேன்டீன் பக்கம் போய் இரண்டாம் வருடப் பிள்ளைகளைப் பிடித்து, இந்த வருடம் கேமரா உங்கள் கைக்கு வந்ததா, ஆடியோ லேப் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். யோசித்துப் பதில் சொன்னால் அந்தக் கல்லூரி வேண்டாம்.

சேர்ந்த பிறகு உங்களையும் பூம் பிடிக்கச் சொல்வார்கள். ஒரு செமஸ்டர் பிடியுங்கள், ஹெட்ஃபோனில் மற்றவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று காது நன்றாகப் பழகும். அடுத்த செமஸ்டரும் அதையே நீட்டினால் மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். மாட்டேன் என்று சொல்ல உதட்டை விரிக்கக்கூட வேண்டியதில்லை.