ஆறு ஆட்டம், ஆறும் தோல்வி – ஒரு கடிதம்

வணக்கம் அக்கா,

பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து எழுதுகிறேன். (ஊரின் புதுப் பெயரான பெஸ்தாரி ஜெயா என்று எழுத இன்னும் கை வரமாட்டேன் என்கிறது.) என் மகளுக்குப் பதினோரு வயது. தாமான் சாலையில் சக்கரச் சப்பாத்து போட்டுக்கொண்டு ஓடியவள், இப்போது டாமன்சாரா பக்கம் புதிதாகத் தொடங்கிய ஒரு சிறுவர் ஐஸ் ஹாக்கி அணியில் ஆடுகிறாள். அணிக்கு இதுதான் முதல் பருவம். ஆறு ஆட்டம், ஆறும் தோல்வி. போன வாரம் 11–0. வீடு வரும்வரை காரில் அவள் வாயே திறக்கவில்லை. என் மாமியார் தோட்டத்தில் முப்பது வருடம் ரப்பர்ப் பால் வெட்டியவர். "தோட்டத்துப் பிள்ளைக்கு ஐஸ் எதுக்குய்யா? பூப்பந்துல போடு" என்கிறார். அடுத்த வருடமும் அனுப்பலாமா?

பெயர் வேண்டாம்.

*

வணக்கம் தம்பி,

மாமியாரிடமிருந்தே தொடங்குகிறேன். ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது, பக் என்கிற கறுப்பு வட்டுதான். ஓர் அங்குலத் தடிப்பு, மூன்று அங்குல அகலம், எடை 156 முதல் 170 கிராம். கந்தகம் சேர்த்துச் சூட்டில் இறுக்கிய ரப்பர் அது. 1875 மார்ச்சில் மான்ட்ரியலில், கூரை போட்ட அரங்கில் முதன்முதலாக ஆடியபோது மரத்துண்டைத்தான் தட்டினார்கள். அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1877-இல், நம் பேராக்கில், கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை ஊன்றினார்கள். ரப்பர் பக் பிறகுதான் வந்தது. ரப்பர் என்றால் துள்ளுமே, அதனால் ஆட்டத்துக்கு முன்பு அதை உறைய வைத்துவிடுவார்கள். இதை மாமியாரிடம் சொல்லுங்கள். மங்கு மங்காகப் பால் எடுத்தவருக்கு, ரப்பரை ஐஸ்பெட்டியில் வைக்கிறார்கள் என்றால் சிரிப்பு வரும்.

இன்னொன்றும் கேளுங்கள். தோட்டத்துப் பிள்ளைக்குத் திடல் ஹாக்கி எதற்கு என்று அவர் காலத்தில் யாராவது கேட்டார்களா? 1975 மார்ச்சில் உலகக் கிண்ணம் கோலாலம்பூரில் நடந்தது. மலேசியா நான்காவது இடம். அரையிறுதியில் இந்தியாவை 2–1 என்று முந்திக்கொண்டிருந்தோம். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் இந்தியாவின் அஸ்லாம் ஷேர் கான் இறங்கிச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் 3–2 என்று போய்விட்டது. என் அப்பா லயத்து வாசலில் வானொலியோடு உட்கார்ந்து கேட்டவர். சாகும்வரை அந்த மனிதரை மன்னிக்கவில்லை. "நீங்க இந்தியா பக்கமா, மலேசியா பக்கமா" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதற்கு ஒரு வாரம் அவரோடு பேச்சும் இல்லை. சரி, அது வேறு கதை.

அதே 1975 மார்ச்சில் அமெரிக்காவில் இன்னொன்று நடந்தது. வாஷிங்டன் கேபிடல்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணிக்கு அது முதல் பருவம். 80 ஆட்டத்தில் 8 வெற்றி, 67 தோல்வி, 5 சமன். வாங்கிய கோல் 446. ஒரே பருவத்தில் மூன்று பயிற்றுநர்கள். வெளியூரில் ஆடியது நாற்பது ஆட்டம், வென்றது ஒன்றே ஒன்று, அதுவும் பருவம் முடியப்போகிற 28ஆம் தேதி. அந்த ஒரு வெற்றிக்கு அவர்கள் குப்பைத்தொட்டியைத் தூக்கிக்கொண்டு, கிண்ணம் வாங்கியவர்களைப் போல ஆடித் தீர்த்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டுச் செய்தி இதுதான்.

இதற்கு நேர் எதிர், அதே லீக்கில் ஆடும் வேகஸ் கோல்டன் நைட்ஸ் அணி. 2017-இல் முதல் பருவம். 82 ஆட்டத்தில் 51 வெற்றி, நேரே அந்த லீக்கின் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தின் இறுதிச்சுற்று. முன்னவர்கள் சோம்பேறிகள், பின்னவர்கள் சூரர்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். புதிய அணிக்கு ஆள் கிடைப்பது பழைய அணிகள் விட்டுக்கொடுப்பவர்களிலிருந்துதான். 1974-இல் வாஷிங்டனையும் சேர்த்து லீக் ஆறிலிருந்து பதினெட்டு அணிகளாக வீங்கியிருந்தது, எதிர்ப்போட்டிக்கு வந்த இன்னொரு லீக்கும் ஆட்களை இழுத்துக்கொண்டிருந்தது. மிஞ்சியதுதான் வாஷிங்டனுக்கு. 2017-இல் விதியே வேறு: ஒரு பழைய அணி அதிகம் போனால் பதினொரு பேரைத்தான் தனக்கென்று பிடித்து வைக்கலாம். அதனால் வேகஸுக்கு நல்ல கோல்காவலர் உட்பட உருப்படியான ஆட்கள் கிடைத்தார்கள். அந்த இறுதிச்சுற்றில், 2018 ஜூனில், வேகஸைத் தோற்கடித்தது யார் தெரியுமா? அதே வாஷிங்டன். ஆட்டக் கணக்கில் 4–1. அவர்களுக்கு அதுதான் முதல் கிண்ணம்.

உங்கள் மகளின் அணிக்கும் கையில் என்ன கொடுக்கப்பட்டது என்று பாருங்கள். எத்தனை பிள்ளைகள்? எத்தனை பேருக்குச் சறுக்கவே இப்போதுதான் வந்திருக்கிறது? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஐஸ்? எதிரில் ஆடியவர்கள் எத்தனை வருடமாகச் சேர்ந்து ஆடுகிறார்கள்? 11–0 என்பதில் பாதிக்கு மேல் இதற்குள் அடங்கிவிடும்.

அப்புறம், அடுத்த ஆட்டத்தில் கோலை எண்ணாதீர்கள். கோல்காவலரையும் சேர்த்து ஆறு பேர்தான் ஒரே நேரத்தில் ஐஸில் நிற்பார்கள். முக்கால் நிமிடம் போல ஓடிவிட்டு, மூச்சு வாங்க வெளியே வந்துவிடுவார்கள், அடுத்தவர் இறங்குவார். அவள் எத்தனை தடவை இறங்குகிறாள் என்று விரல்விட்டு எண்ணுங்கள். ஆள் குறைந்த தோற்கும் அணியில் பிள்ளைக்கு ஐஸ் அதிகம் கிடைக்கும். ஜெயிக்கிற பழைய அணியில் சேர்த்திருந்தால் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கை தட்டிக்கொண்டிருப்பாள். 9–0 ஆன பிறகும் பயிற்றுநர் எல்லோரையும் மாற்றி மாற்றி இறக்கினாரா? இறக்கினார் என்றால் அவரை நம்பலாம். தேறாத பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டார் என்றால்தான் நான் யோசிப்பேன்.

பணத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. சப்பாத்து, தலைக்கவசம், கவசங்கள், ஐஸ் வாடகை, வாரா வாரம் பெட்ரோல். வளரும் பிள்ளைக்குச் சப்பாத்து ஒரு வருடம் தாங்காது, பழையதாக வாங்குங்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் அதை அவளிடமே சொல்லி நிறுத்திவிடலாம், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மாமியார் சொன்னார் என்றோ, ஸ்கோரைப் பார்த்தோ நிறுத்தாதீர்கள். காரில் பேசாமல் வந்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். மறுநாள் காலையில் பையைத் தானே எடுத்துக் கவசங்களை வெயிலில் காயப்போட்டாளா? அதை எழுதவில்லையே.

கடைசியாக ஓர் உதவி. ஓரம் தேய்ந்து ஒதுக்கிப்போட்ட பக் ஒன்று கிடைத்தால் எனக்கு அனுப்பிவையுங்கள். என் அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. கண் சரியாகத் தெரியாது, ஆனால் கையில் கொடுத்தால் ரப்பர் என்று உடனே சொல்லிவிடுவார். அது எதற்கு என்று அவரே கேட்கட்டும்.