எழுத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்? – கேள்வி பதில்

எந்த நிறுவனத்திலும் வேலைக்குச் சேராமல் எழுதிச் சம்பாதிக்க முடியுமா என்று எங்கள் வாசகர் வட்டத்தில் புதிதாக எழுத வந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் இதழ்களுக்கும் பதிப்பகங்களுக்கும் வெளியிலிருந்தே எழுதியும் மொழிபெயர்த்தும் வருகிறவள் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தமிழில் ஒரே இடத்திலிருந்து பெரிய தொகை வருவது அரிது. சன்மானம், ராயல்டி (நூல் விற்பனையில் எழுதியவருக்கு வரும் பங்கு), மொழிபெயர்ப்புக் கூலி, நல்கை (எழுதும் வேலைக்காகத் தரும் உதவித்தொகை), விழா மலர் வேலை என்று பல இடங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். ஒவ்வொன்றையும் கேட்கும் முறை வேறு.

அக்கா, எம்.ஏ. தமிழ் முடித்திருக்கிறேன். ஊர் தஞ்சாவூர் பக்கம். இதுவரை எதுவும் அச்சில் வந்ததில்லை. எங்கே தொடங்குவது?

உங்கள் ஊரிலிருந்தே தொடங்குங்கள் தம்பி. சென்னையில் இருக்கும் ஆசிரியருக்குச் சென்னையைப் பற்றி எழுத நிறையப் பேர் கிடைப்பார்கள். மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்படுவது வழக்கம் என்பது எல்லோருக்கும் தெரியும். உங்கள் பகுதிக் கடைமடைக்குத் தண்ணீர் என்றைக்கு வந்து சேர்ந்தது, அதற்குள் நாற்றங்கால் என்ன ஆனது, மோட்டார் வைத்திருப்பவர் அடுத்த வயலுக்குத் தண்ணீர் விட என்ன வாங்கினார் என்பதெல்லாம் அங்கே இருப்பவருக்குத்தான் தெரியும். அதைக் கட்டுரையாக்க நினைத்தால் மே மாதத்திலேயே ஆசிரியருக்கு எழுதிவிட வேண்டும். அணை திறந்த பிறகு அனுப்பினால் பக்கம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும்.

அனுப்புவதற்கு முன் அந்த இதழின் சில மாத இதழ்களை எடுத்து வைத்துப் படியுங்கள். ஆனந்த விகடனுக்குப் பொருந்தும் நடை காலச்சுவடுக்குப் பொருந்தாது. இந்து தமிழ் திசையின் நடுப்பக்கத்துக்கு வேண்டிய கட்டுரையும் இணைப்பிதழுக்கு வேண்டிய கட்டுரையும் ஒன்றல்ல. முழுக் கட்டுரையை எழுதி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாதீர்கள். விஷயம் என்ன, யாரையெல்லாம் சந்திப்பீர்கள், எத்தனை சொற்கள், எந்தத் தேதிக்குள் தருவீர்கள் என்று பத்து வரியில் எழுதினால் போதும். கட்டுரை யூனிகோடில் இருக்கட்டும். பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பு வந்தால் பல இடங்களில் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

சன்மானம் எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டால் தப்பாக நினைத்துக்கொள்வார்களா?

நினைக்க மாட்டார்கள். கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் சொன்ன அன்றே கேட்டுவிடுங்கள். "சன்மானம் எவ்வளவு, வெளியாகி எத்தனை நாளில் வரும், பயணச் செலவு தனியாகத் தருவீர்களா?" என்று ஒரே வரியில் கேட்டுவிடலாம். எழுதி முடித்த பிறகு கேட்பதுதான் சங்கடம். பல சிற்றிதழ்களால் பணம் தர முடியாது. அங்கே எழுதுவதில் தவறில்லை, நல்ல வாசகர்கள் கிடைப்பார்கள். ஆனால் விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கும் ஒரு நிறுவனம் "உங்கள் பெயர் வருகிறதே, அது போதாதா" என்று சொன்னால் மறுத்துவிடுங்கள்.

மேடம், அரசு உதவி ஏதாவது உண்டா? எனக்கு 27 வயது.

உங்கள் வயதுக்கு முதலில் பார்க்க வேண்டியது பிரதமரின் யுவா திட்டம். 2021இல் தொடங்கியது. 30 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நேஷனல் புக் டிரஸ்ட் இதை நடத்துகிறது. முதல் சுற்றில் 75 பேரை எடுத்தார்கள், 2025இல் அறிவித்த மூன்றாம் சுற்றில் 50 பேர். தேர்வானால் மாதம் 50,000 ரூபாய் வீதம் ஆறு மாதம் தருவார்கள், அதாவது மொத்தம் 3 லட்சம். புத்தகம் வந்த பிறகு 10 சதவீத ராயல்டியும் உண்டு. தமிழிலேயே எழுதலாம். கதையும் கவிதையும் இதில் வராது. ஒவ்வொரு சுற்றுக்கும் பொருள் அறிவிப்பார்கள், அதற்குள்தான் எழுத வேண்டும். சுருக்கம், அத்தியாயத் திட்டம், மாதிரி அத்தியாயங்கள் என்று கிட்டத்தட்ட 10,000 சொற்கள் கேட்பார்கள். அறிவிப்பு வந்த பிறகு உட்கார்ந்தால் நேரம் போதாது. உங்களுக்குத் தெரிந்த ஒரு விஷயத்தில் இப்போதே இரண்டு அத்தியாயம் எழுதி வையுங்கள்.

மாநில அரசில் தமிழ் வளர்ச்சித் துறை இரண்டு விதமாக உதவுகிறது. கையெழுத்துப்படியை நூலாக்க நிதியுதவி ஒன்று, அதற்கு வருமான வரம்பு உண்டு. மற்றொன்று, வெளிவந்த நூல்களில் சிறந்தவற்றுக்கு வகைப்பாடு வாரியாகத் தரும் பரிசு. ஆதிதிராவிடர், பழங்குடியின எழுத்தாளர்களின் படைப்புகளை வெளியிட ஆதிதிராவிடர் நலத்துறையும் தனியாக நிதி தருகிறது. இவற்றுக்கான அறிவிப்பு நாளிதழில் சின்னதாக வரும், எளிதில் கண்ணில் படாது. துறையின் இணையதளத்தை மாதம் ஒருமுறை பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, பான் அட்டை மூன்றையும் ஸ்கேன் செய்து வைத்திருங்கள். கடைசி நாளில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடி விண்ணப்பத்தையே கைவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. 24 மொழிகளில் ஆண்டுதோறும் தருகிறார்கள், தொகை 50,000 ரூபாய். இது விருது, நூல் வந்த பிறகுதான் பேச்சு. எழுதும் காலத்துக்கான செலவை இதை நம்பித் திட்டமிட முடியாது.

கள ஆய்வு செய்து சுற்றுச்சூழல் பற்றி எழுத ஆசை. போகவர, தங்கவே பணமில்லை, அக்கா.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். செய்தியாளர்களுக்கான நல்கைகள் இருப்பதே தமிழில் எழுதுபவர்களில் பலருக்குத் தெரியவில்லை. நேஷனல் ஃபவுண்டேஷன் ஃபார் இந்தியா 1995 முதல் ஊடக நல்கை தருகிறது, இந்திய மொழிகளில் எழுதுபவர்களும் விண்ணப்பிக்கலாம். இன்டர்நியூஸ் அமைப்பின் எர்த் ஜர்னலிசம் நெட்வொர்க் சுற்றுச்சூழல் கட்டுரைகளுக்குத் தனித்தனியாக நிதி தருகிறது. விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், கட்டுரை உள்ளூர் மொழியில் வரலாம். பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய பாரி தளம் கிராமங்களைப் பற்றிய கட்டுரைகளைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் வெளியிடுகிறது. அங்கேயும் நல்கைகள் உண்டு.

விண்ணப்பத்தில் எல்லோரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். "கடல் அரிப்பால் மீனவர் வாழ்க்கை பாதிக்கப்படுவது பற்றி எழுத விரும்புகிறேன்" என்று எழுதுகிறார்கள். இது வெறும் தலைப்பு. எந்தக் குப்பம், கரையைக் காக்கக் கடலுக்குள் கல்லால் கட்டும் தூண்டில் வளைவுகளில் எதைக் கட்டிய பிறகு, அதற்கு எந்தப் பக்கத்தில் கரை போனது, வலை காயவைக்க இடமில்லாமல் பெண்கள் கருவாட்டை எங்கே கொண்டுபோய்க் காயப்போடுகிறார்கள் என்று எழுதுங்கள். தேர்வுக் குழுவில் இருப்பவருக்கு இந்த ஆள் அங்கே போய் வந்தவர் என்று தெரிய வேண்டும். அதற்காக, காசில்லாவிட்டாலும் ஒருநாள் பஸ்ஸில் போய்ப் பேசிவிட்டு வந்து விண்ணப்பம் எழுதுங்கள்.

அடுத்தது, ஓர் ஆசிரியரின் கடிதம். கட்டுரை தயாரானால் வெளியிடுவோம் என்று ஓர் இதழ் எழுதித் தந்தால்தான் பெரும்பாலான நல்கைகள் விண்ணப்பத்தையே பரிசீலிக்கும். ஆசிரியருக்கு இதில் செலவு ஏதுமில்லை என்பதால் கேட்டால் தருவார்கள். வரவுசெலவுத் திட்டத்தில் பஸ், தங்குமிடம், சாப்பாடு, புகைப்படக்காரர் இவற்றோடு உங்கள் உழைப்புக்கான கூலியையும் தனி வரியாகப் போடுங்கள். அந்த வரியைப் போடக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறவர்கள் அதிகம், குறிப்பாகப் பெண்கள். போடுங்கள்.

மொழிபெயர்ப்பில் வருமானம் உண்டா, அம்மா? ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் நான்.

உண்டு சார். உங்களுக்கு இரண்டு மொழியும் கைவசம் இருப்பது பெரிய பலம். நியூ இந்தியா ஃபவுண்டேஷன் இந்திய மொழிகளிலிருந்து வரலாற்று மதிப்புள்ள புனைவல்லாத நூல்களை ஆங்கிலத்தில் கொண்டுவர மொழிபெயர்ப்பு நல்கை தருகிறது. ஆறு மாதத்துக்கு 6 லட்சம் ரூபாய். அவர்கள் எடுத்துக்கொள்ளும் மொழிகளில் தமிழும் இருக்கிறது. லண்டனில் இருக்கும் இங்கிலிஷ் பென் அமைப்பு, நூலின் ஒரு பகுதியை மாதிரியாக மொழிபெயர்ப்பதற்கே பணம் தரும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. மாதிரியை மொழிபெயர்ப்பாளர் சும்மா செய்துதர வேண்டும் என்ற வழக்கத்தை அது உடைத்தது, அதனால் அதன்மேல் எனக்குத் தனி மரியாதை.

நூலைத் தேர்ந்தெடுக்கும்போதே உரிமை யாரிடம் என்று பாருங்கள். எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை வாரிசுகளிடம் இருக்கும். தமிழ்நாட்டில் நமக்குக் கூடுதலாக ஒரு வசதி உண்டு. கல்கி, புதுமைப்பித்தன் உட்படப் பலருடைய எழுத்து நாட்டுடைமை ஆக்கப்பட்டிருக்கிறது, அதாவது யாரும் அனுமதி கேட்காமல் வெளியிடலாம். அந்த நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகப் படிக்கலாம். யாரும் இன்னும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகாத பயண நூல்களும் தன்வரலாறுகளும் அங்கே இருக்கின்றன.

சிறிய ஊரில் இருந்துகொண்டு மாதாமாதம் நிலையாக ஏதாவது வருமானம் வர வழி?

மலர் வேலை. யாரும் இதைப் பெருமையாகச் சொல்வதில்லை, ஆனால் பலர் வீட்டு வாடகை இதில்தான் ஓடுகிறது. பள்ளியின் நூற்றாண்டு மலர், கோயில் குடமுழுக்கு மலர், சங்கத்தின் பொன்விழா மலர், தாத்தாவின் சதாபிஷேகத்துக்குக் குடும்பம் அச்சிடும் வாழ்க்கை வரலாறு. இவற்றுக்குப் பணம் வைத்திருப்பவர்கள் எழுதத் தெரிந்த ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் ஊர் அச்சகக்காரரிடம் சொல்லி வையுங்கள், வேலை முதலில் அவரிடம்தான் வரும்.

பேசும்போதே மூன்றில் ஒரு பங்கு முன்பணம் வாங்குங்கள். எத்தனை பேரைப் பேட்டி எடுப்பது, எத்தனை முறை திருத்தித் தருவது, பிழைதிருத்தம் யார் பொறுப்பு என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி ஒப்புதல் வாங்குங்கள். குடும்ப வரலாற்றில் மூத்த மகனும் இளைய மகனும் ஒரே சம்பவத்தை இரண்டு விதமாகச் சொல்வார்கள். கடைசி வார்த்தை யாருடையது என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிப்பகம் ஒன்று ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் "நம்பிக்கையில் போடுவோம்" என்கிறது.

வேண்டாம். உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்று 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது. அப்படி எழுதித் தரும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்று கணக்கு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். இதழில் வந்த உங்கள் கட்டுரைக்கும் அப்படித்தான், எழுதித் தராதவரை உரிமை உங்களுடையது. பிறகு தொகுத்து நூலாக்கலாம்.

ஒப்பந்தத்தில் நான் பார்க்கச் சொல்வது: ராயல்டி அட்டை விலையிலா விற்ற விலையிலா, நூலக ஆணைக்கு, அதாவது அரசு நூலகங்கள் வாங்குவதற்கு, போகும் படிகளும் அதில் சேருமா, கணக்கு ஆண்டுக்கு ஒருமுறை எழுத்தில் வருமா, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகள் யாரிடம். கடைசியாகச் சொன்ன நான்கையும் "இன்ன பிற உரிமைகள்" என்ற ஒரே சொற்றொடரில் வாரிக்கொண்டு போவார்கள். அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கிண்டிலில் நானே போட்டுக்கொள்ளலாமா?

போடலாம். அமேசான் தமிழ் நூல்களை ஏற்கிறது, செலவில்லை. ராயல்டி 35 அல்லது 70 சதவீதம். இந்தியாவில் 70 வேண்டுமென்றால் கே.டி.பி. செலக்ட் என்ற அமேசானின் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளைக்கு அந்த மின்னூலை வேறு எங்கும், உங்கள் சொந்தத் தளத்தில்கூட, வைக்கக்கூடாது. தொடர்கதை எழுதுபவர்களுக்கும் துறைசார்ந்து எழுதுபவர்களுக்கும் இது உதவும். கவிதைத் தொகுப்புக்கு வருமானத்தை எதிர்பார்க்காதீர்கள்.

தொகை நூலில் என் கவிதையைச் சேர்க்க 500 ரூபாய் கேட்கிறார்கள், சான்றிதழும் தருவார்களாம்.

கொடுக்காதீர்கள், கண்ணு. எழுதியவருக்குத்தான் பணம் வர வேண்டும். பதிவுக் கட்டணம் கட்டினால் தட்டச்சு வேலை தருகிறோம் என்பவர்களுக்கும் இதே பதில்தான்.

வரி விஷயம் பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம். ஒரே நிறுவனம் ஒரு நிதியாண்டில் உங்களுக்குத் தொழில்முறைக் கட்டணமாக 50,000 ரூபாய்க்கு மேல் தந்தால் 10 சதவீதம் பிடித்துக்கொண்டு கொடுக்கும். இந்த வரம்பு 2025 ஏப்ரல் வரை 30,000ஆக இருந்தது. பிடித்த பணம் உங்கள் பான் எண்ணில் பதிவாகும். மொத்த வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். தாக்கல் செய்யாமல் விட்டால் அந்தப் பணம் போச்சு. பான் எண் தராவிட்டால் 20 சதவீதம் பிடிப்பார்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பெரும்பாலோர் ஜி.எஸ்.டி. பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

கட்டுரை வெளிவந்து பல மாதமாகிறது, சன்மானம் வரவில்லை. ஆசிரியரிடம் கேட்டால் அடுத்த வாய்ப்புப் போய்விடுமோ?

ஆசிரியரைக் கேட்காதீர்கள், கணக்குப் பிரிவைக் கேளுங்கள். பெரும்பாலும் தாமதம் அங்கேதான். வங்கி விவரம் விட்டுப்போயிருக்கும், அல்லது உங்கள் ரசீது யார் மேசையிலோ கிடக்கும். ஆசிரியருக்கு ஒரு நகல் போகட்டும். இப்படி எழுதினால் போதும்: "வணக்கம். இன்ன தேதியிட்ட இதழில் இன்ன பக்கத்தில் வெளியான என் கட்டுரைக்கான சன்மானம் இன்னும் வந்து சேரவில்லை. ரசீது, பான் எண், வங்கி விவரம் மீண்டும் இணைத்துள்ளேன். எந்தத் தேதியில் அனுப்புவீர்கள் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்." பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து அதே கடிதத்தை மறுபடி அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் போனில் கூப்பிடுங்கள்.