உறையைத் திருப்புங்கள்

கேள்வி: ஓட்டிஸ் ரெட்டிங், ஆல் கிரீன், அரீதா ஃபிராங்க்ளின் எல்லாரும் என் இசைத்தட்டு அலமாரியில் இருக்கிறார்கள். யாருக்கும் தெரியாத பழைய சோல் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பாட்டு வகை) பாடகர்களைப் பிடிப்பது எப்படி? அரிய 45-களில் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டுகள்) பணம் போடலாமா?

பதில்: யாருக்கும் தெரியாதவர்களைத் தேடும் முன், கையில் இருப்பவர்களின் பின்னட்டையைப் படித்தீர்களா? ஆல் கிரீன் உறையைத் திருப்புங்கள். தயாரிப்பு வில்லி மிட்செல், லேபிள் (தட்டை வெளியிட்ட நிறுவனம்) ஹை, ஒலிப்பதிவு மெம்ஃபிஸ் ராயல் ஸ்டுடியோ. கிதார் டீனி, பாஸ் லீராய், ஆர்கன் சார்ல்ஸ். மூவரும் ஹாட்ஜஸ் சகோதரர்கள். நீங்கள் ஆல் கிரீனிடம் மயங்கியதில் பாதி இவர்கள் கைவேலை. இதே கூட்டம் வாசிக்க ஆன் பீபிள்ஸ், ஓட்டிஸ் கிளே, சில் ஜான்சன் பாடியிருக்கிறார்கள். பாடகர் பெயரை விடுங்கள், வாசித்தவர்களைத் தொடருங்கள்.

ஓட்டிஸ் ரெட்டிங்கிலிருந்தும் ஒரு வழி போகிறது. அவருடைய 1965 ஆல்பத்தில் உள்ள ‘தட்ஸ் ஹவ் ஸ்ட்ராங் மை லவ் இஸ்’ பாட்டை அதற்கு முந்தைய ஆண்டே மெம்ஃபிஸின் கோல்ட்வாக்ஸ் என்ற சின்ன லேபிளில் பாடியவர் ஓ.வி. ரைட். தேவாலயப் பாடகராக இருந்தபோது போட்ட ஒப்பந்தத்தைக் காட்டி ஹூஸ்டனின் டான் ரோபி அவரைத் தன் பேக் பீட் லேபிளுக்கு இழுத்துக்கொண்டார். அங்கே அவருக்குத் தயாரிப்பாளராக வந்தவர் அதே வில்லி மிட்செல்! என்னைக் கேட்டால், ஆல் கிரீனைவிட ரைட்டின் தொண்டையில் வலி அதிகம். கோல்ட்வாக்ஸ் வரை வந்துவிட்டால் ஜேம்ஸ் காரை விடாதீர்கள்.

அடுத்தது தொகுப்புகள். பழைய பாட்டுகளைத் திரட்டி வெளியிடும் லேபிள்களில் லண்டனின் கென்ட், சிகாகோவின் நியூமெரோ இரண்டும் நம்பகமானவை. ஓஹையோவின் கொலம்பஸ் நகரில் இயங்கிய கேப்சோல் லேபிளின் பாட்டுகளை 2004-இல் நியூமெரோ ஒரே ஆல்பமாகத் தந்தது. தனித்தனியே தேடினால் சொத்து கரையும்.

அரிய 45-க்கு வருகிறேன். சோல் பாடகர் ஃபிராங்க் வில்சனின் 1965 தட்டு 2009-இல் 25,000 பவுண்டுக்கு மேல் போனது. அது அபூர்வத்துக்குக் கொடுத்த விலை. பாட்டு மட்டும் வேண்டுமென்றால் மறுபதிப்பு போதும்.

அசலே வேண்டுமென்றால் நகத்தால் தட்டிப் பாருங்கள். மந்தமாக ஒலித்தால் வினைல். ‘டக்’கென்று கூர்மையாக ஒலித்தால் ஸ்டைரீன் என்ற வேறு பிளாஸ்டிக். வளைத்துச் சோதிக்காதீர்கள், ஸ்டைரீன் உடையும். அந்தக் கால அமெரிக்க 45-களில் ஏராளமானவை ஸ்டைரீன்தான். தேய்ந்த ஊசி இதைச் சீக்கிரம் அரித்துவிடும். ஆனால் மேற்பரப்பு பளபளவென்றே இருக்கும், ஓடவிட்டால்தான் ‘ஸ்ஸ்’ கேட்கும். வானொலி நிலையத்துப் பிரதியில் முதல் ஓரிரு நொடி கரகரக்கும். பாட்டின் தொடக்கத்தில் ஊசியை நிறுத்தத் தட்டை முன்னும் பின்னும் கையால் சுற்றிய தழும்பு அது. ஆகவே புகைப்படத்தை நம்பாமல், ஓடவிட்ட ஒலியைக் கேட்டு வாங்குங்கள்.

விற்பவர் ‘விஜி’ என்று தரம் போட்டால் ‘வெரி குட்’ என்று மகிழாதீர்கள். கல்யாணத் தரகர் ‘பையன் சொந்தத் தொழில்’ என்பாரே, அந்த மாதிரி. இரைச்சல் நிச்சயம். குறைந்தது ‘விஜி பிளஸ்’ கேளுங்கள்.

வீட்டில் ஸ்டைரீனுக்குக் கூம்பு முனை ஊசி போடுங்கள், ஊசி தட்டை அழுத்தும் எடையை ஊசி தயாரித்தவர் சொன்ன அளவில் வையுங்கள். எடை குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று நினைத்துக் குறைக்காதீர்கள். ஊசி துள்ளித் துள்ளித் தட்டைக் கொத்தும். கழுவும்போது தட்டின் நடுவில் உள்ள பெயர்ச்சீட்டு நனையக் கூடாது. ஸ்டைரீனில் அது பெரும்பாலும் பசை போட்டு ஒட்டிய காகிதம், கையோடு வந்துவிடும்.